கன்னியப்பன் சொன்னது, நான் எழுதாதது

போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி முப்பது, ஆட்கள் பதினெட்டு. பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தார்.

"சார், ஒரு கதைக்கு அடிப்படையா என்னென்ன வேணும்?"

நான் கையை உயர்த்தி விரல் விட ஆரம்பித்தேன். ஆள் யார் என்று தெரிய வேண்டும். எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவருக்கு என்ன வேண்டும், அதற்குக் குறுக்கே நிற்பது எது... கடைசி விரல் 'அதனால் என்ன ஆச்சு?' என்பதற்கு. கைதட்டினார்கள். "அடடா, எவ்வளவு எளிமையா சொல்லிட்டீங்க!" என்று சொல்லிச் செயலாளர் எனக்கு மாலைகூடப் போட்டார்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறுத்தல் ஆரம்பித்தது. அந்த ஐந்து விரலும் என்னுடையவை இல்லை. ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை. கற்றுக்கொண்டேன் என்று கௌரவமாகச் சொல்லலாம்தான். ஆனால் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை. அந்த மனிதர் மீது எனக்கு அப்படி ஒரு பொறாமை! அந்தப் பொறாமையில் நான் செய்த காரியத்தை இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒன்றிரண்டாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு புகைபோக்கி நிற்கும். அப்படி ஒரு இரும்பு வார்ப்படக் கம்பெனியின் டைம் ஆபீஸில் நான் கிளார்க். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று குறிப்பது, கடிதம் டைப் அடிப்பது... இதுதான் வேலை. ஆனால் மனதுக்குள் நான் எழுத்தாளன். சும்மா இல்லை — வாரப் பத்திரிகையில் இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன!

முதல் கதை வந்த வாரம் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போய் ஷெட் முழுக்க விநியோகித்தேன். மறுநாள் ஆவலோடு கேட்டேன். "படிச்சேன் சார், சோக்கா இருந்துச்சு" என்றார் ஒருவர். எது நன்றாக இருந்தது? "அதான் சார்... அந்த மேகம்." முதல் ஒன்றரைப் பக்கம் மேகத்தை வர்ணித்திருந்தேன். அதைத் தாண்டி யாரும் போகவில்லை என்று புரிந்தது.

அதே ஷெட்டில் ஹெல்ப்பராக இருந்தவர் கன்னியப்பன். பழவேற்காடு ஏரிக்கரையில் மீன் பிடிக்கும் குடும்பம். ஏரியில் மீன்பாடு குறைந்ததால் இரும்புக்கு வந்தவர். என் வயதுதான். படிப்பு மூன்றாவதோடு சரி. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் நாக்கைக் கடித்துக்கொண்டு.

அவர் டீ நேரத்தில் வாயைத் திறந்தால் போதும். கூட்டம் சேர்ந்துவிடும்.

"எங்க மாமா ஒருத்தரு. அவருக்கு வாழ்க்கைல ஒரே ஆசை. பஸ்ல ஜன்னல் சீட்டு."

அவ்வளவுதான். மேகம் கிடையாது, நிலா கிடையாது. இருபது பேர் டீயை ஆறவிட்டு நிற்பார்கள்.

"ஆனா அவரு ஊடு நடு ஸ்டாப்பு. பஸ் எப்பவும் ரொம்பிதான் வரும். ஒரு நாள் ரெண்டு மைல் பின்னாடி நடந்து போயி, பஸ் கெளம்புற எடத்துலயே ஏறிட்டாரு. ஜன்னல் சீட்டு கெடச்சிடுச்சு. உக்காந்தாரு, மீசைய முறுக்கினாரு, பஸ் கெளம்புச்சு..."

சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் "அப்புறம்?" என்று கத்த, கன்னியப்பன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் டைம் ஆபீஸுக்குத் திரும்பினேன். ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஒரு வரி ஓடவில்லை. அந்த மாமாவுக்கு என்ன ஆயிற்று? போய்க் கேட்கலாம்தான். ஆனால் இரண்டு கதை அச்சில் வந்தவன், ஒரு ஹெல்ப்பரிடம் போய் 'அப்புறம்?' என்று நிற்பதா? கடைசியில் வாட்ச்மேனிடம் ஏதோ ஒரு கீரையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பதுபோல் கொடுத்து விஷயத்தை வாங்கினேன்.

மழை பிடித்துக்கொண்டதாம். ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லையாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நகர்ந்துவிட, மாமா மட்டும் பொன்னேரி வரைக்கும் நனைந்துகொண்டே ஜன்னல் சீட்டில் போனாராம்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. எவ்வளவு சின்ன விஷயம்! எனக்கு ஏன் இது தோன்றவில்லை? ஒரு மாமா, ஒரு சீட்டு, ஒரு மழை. அந்த இரண்டைத் தவிர நான் தபால் செலவு செய்து அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறது. இந்த ஆள் காற்றில் விட்டெறிவதை ஷெட்டே பொறுக்கிக்கொள்கிறது. பொறாமை நெஞ்சில் இருக்கும் என்பார்கள். எனக்கு அது வயிற்றில் இருந்தது. புளித்த ஏப்பம் மாதிரி மேலே மேலே வந்துகொண்டிருந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து அந்த விபத்து நடந்தது.

தேவதாஸ் என்று ஒருவர். ஆரம்பாக்கத்திலிருந்து வருபவர். அதிர்ந்து பேசமாட்டார். மணல் அடைத்த வார்ப்புப் பெட்டியைச் சங்கிலியில் மாட்டித் தூக்கும் வேலை. ஒரு நாள் காலை சங்கிலி நழுவி, பெட்டி அவர் இடது காலில் விழுந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று விரல் போயிற்று.

"ஆளோட கவனக்குறைவு" என்று போர்மேன் எழுதிக் கொடுத்துவிட்டார். அது உறுதியானால் தேவதாஸுக்கு வேலை இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி கன்னியப்பன். அவருக்கு எழுத வராது. எனவே அவர் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்து வாங்கும் பொறுப்பு... யாருக்கு? எனக்குத்தான்.

மத்தியானம் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

"தேவதாஸுக்கு அன்னிக்கு நாலு மணிக்கெல்லாம் ஊருக்குப் போய்ச் சேரணும் சார். அவன் பொண்ணு ஸ்கூல் நாடகத்துல தேவதை வேஷம் போடுது. காலைலேர்ந்து அதையே சொல்லிக்கினு இருந்தான்."

"அதெல்லாம் எதுக்கு? விபத்தைச் சொல்லுங்க."

"அதான் சார் சொல்றேன். அவ்ளோ அவசரம் இருந்தவன், பதினோரு மணிக்கு வேலைய நிறுத்திட்டான். 'சங்கிலி வழுக்குது, வேற மாட்டுங்க, அப்பதான் தூக்குவேன்'னான். போர்மேன் 'இந்த ஒரு பெட்டிய முடி, சாயங்காலம் மாத்திக்கலாம்'னாரு. இவன் முடியாதுன்னு நின்னான். அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரிமா சார்? 'அப்ப நாலு மணிக்கு ஊருக்குப் போறத மறந்துடு'ன்னாரு. தேவதாஸ் கைய தொடச்சிக்கினான். போய்த் தூக்கினான். பாதி ஒசரம்கூட வரல சார்... சங்கிலி உட்டுடுச்சு."

என் கையில் மயிர் சிலிர்த்தது. ஒரு மனிதன், அவனுக்கு வேண்டிய ஒன்று, அதைக் காட்டியே அவனை மடக்கிய இன்னொருவன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரு வார்த்தையை எடுக்க முடியாது, ஒரு வார்த்தையைச் சேர்க்க முடியாது.

சிலிர்த்த அடுத்த நொடியே எரிந்தது. ஒருவர் கால் நசுங்கியதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? 'இதையும் இவன் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டானே!'

பேனாவை எடுத்தேன். இப்படி எழுதினேன்: 'காலை பதினோரு மணியளவில் சங்கிலி வழுக்குவதாகத் தேவதாஸ் கூறினார். அதன் பிறகு அவர் பெட்டியைத் தூக்கியபோது சங்கிலி நழுவி, பெட்டி அவரது இடது காலில் விழுந்தது.'

அவ்வளவுதான். நாலு மணி இல்லை. நாடகம் இல்லை. முடியாது என்று நின்றது இல்லை. போர்மேன் இல்லை. ஆபீஸ் பாஷை என்றால் சுருக்கமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கன்னியப்பன் தாளைப் பார்த்தார். "நான் சொன்னதெல்லாம் கீதா சார்?"

"இருக்கு."

நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து பர்சனல் மேனேஜர் கூப்பிட்டார். கையில் அந்தத் தாள்.

"சங்கிலி சரியில்லைன்னு தெரிஞ்சே தூக்கியிருக்கான். அவன் சாட்சியே சொல்றானே! வேற என்ன வேணும்? ஆர்டர் டைப் பண்ணிடுங்க."

தாளை வாங்கினேன். என் இரண்டு வரியைத் திரும்பப் படித்தேன். ஆமாம். அப்படித்தான் படிக்க முடிந்தது. 'வழுக்குகிறது என்றார், பிறகு தூக்கினார்.' ஏன் தூக்கினார் என்பது எங்கே? அதைத்தான் நான் விழுங்கிவிட்டேனே. மந்தமாக எழுதினால் கன்னியப்பனின் திறமை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். காரணத்தை எடுத்துவிட்டால் குற்றமே ஆள் மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கதை எழுதியவனுக்குத் தெரியவில்லை!

டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன். தேவதாஸின் பெயர் அடித்தேன். டோக்கன் நம்பர் அடித்தேன். 'தெரிந்தே' என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் வார்த்தை வந்தது. விரல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு மனிதர்... அவர் வேலையை என் பத்து விரல் தின்கிறது. எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், அந்த ஸ்டேட்மென்ட் முழுசு இல்ல. அவர் சொன்னதை நான் விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? ஏன்?"

பொறாமை என்று சொல்ல முடியுமா? "தப்பு என்னுது சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம்.

மறுநாள் என்கொயரி. மேனேஜர், போர்மேன், மூலையில் நான். கன்னியப்பனை நேரில் சொல்லச் சொன்னார்கள். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். தேவதை வேஷத்திலிருந்துதான்.

போர்மேன் குறுக்கிட்டார். "சார், பார்த்தீங்களா? அவசரத்துல இருந்திருக்கான். இவனே சொல்றான்."

"அவசரம் இருந்துச்சு சார். நான் இல்லன்னு சொல்லல" என்றார் கன்னியப்பன். "அவ்ளோ அவசரம் இருக்கிறவன் எதுக்கு சார் வேலைய நிறுத்திட்டு நிக்கணும்? அதை மட்டும் கேளுங்க."

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். "அப்புறம்?" என்றார்.

அந்த 'அப்புறம்' என் காதில் விழுந்தபோது... இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். தேவதாஸின் வேலை தப்பும் என்ற நிம்மதிக்குப் பக்கத்திலேயே, பழைய எரிச்சலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

தேவதாஸுக்கு வேலை போகவில்லை. கால் ஆறியதும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். சங்கிலியை மாற்றினார்கள். போர்மேனுக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ. இரண்டையும் டைப் அடித்தது நான்தான்.

அந்த வாரமே கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கன்னியப்பனைப் பிடித்தேன். மேனேஜரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "உங்க மேல பொறாமை. அதனாலதான் எழுதாம விட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எம்மேலயா? இன்னாத்துக்கு சார்? எனக்கு எழுதவே வராதே!" என்று சிரித்தார். பிறகு புரிந்தது. சிரிப்பு நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம்மேல கோவம்னா என்னை இன்னா வேணா பண்ணிக்கினு இருக்கலாம். அதை எதுக்கு சார் நீ தேவதாஸ் கால்ல காட்டின?"

அதுவரை 'நீங்க' என்றவர், அன்றுதான் 'நீ' என்றார். என் பதிலுக்காக நிற்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு ரொம்ப நாள் நான் ஷெட் பக்கம் போனால் அவர் கதை நின்றுவிடும். எல்லோரும் டீயைக் குடிக்க ஆரம்பிப்பார்கள். சரியான தண்டனை. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் நான் வருவதைப் பார்த்தும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். மன்னித்தாரா, மறந்தாரா? நான் கேட்கவில்லை. ஓரமாக நின்று கேட்டேன். முடிந்ததும், வாய் கூசாமல், எல்லோருக்கும் முன்னால், "அப்புறம்?" என்றேன்.

பொறாமை இப்போது போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? கன்னியப்பன் இன்றுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை... ரொம்ப நல்ல மனிதர்!