இடது தோள் பள்ளம்

எங்க கரையில ஆம்பளைங்க தோளைப் பார்த்தாலே தொழில் தெரியும். கட்டுமரத்தை அவிழ்த்து ஒவ்வொரு மரமா தோள்ல தூக்கிக்கினு மணல்ல ஏறுவாங்க. மரம் உக்கார்ற இடம் காய்ச்சுப் போயிடும். அதனால என் வீட்டுக்காரருக்குக் கழுத்தெலும்புக்கு மேல ஒரு கட்டி தெரிஞ்சப்போ யாரும் கண்டுக்கலை. "மரம் தூக்குன காய்ப்பு"ன்னுட்டாங்க. நானும் அதையேதான் சொன்னேன்.

என்னைப் பேஜார் பண்ணது அவர் வயிறு. ரெண்டு வாய் கஞ்சி உள்ளே போனா நாலு வாய் வெளியே வரும். மாதா கோயிலுக்கு மெழுகுத்திரி நேர்ந்துக்கினேன். ஒண்ணும் கேக்கலை. கடைசில பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போனேன்.

வயித்துல புத்துநோய்னு டாக்டர் சொன்னார். "கால்ல புண்ணு வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுதில்ல? வயித்தைச் சுத்தியும் நெறிங்க இருக்கு. இரைப்பையோட சேர்த்து அதையும் எடுக்கணும். நோவு அதோட நின்னிருந்தா பிழைக்க வழி இருக்கு."

பிழைக்க வழி! அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் காதுல ஏறலை. உக்கார முடியாம வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். அறுக்க வேண்டியதுதானே, இன்னும் இன்னாத்துக்கு இந்த மனுஷன் தடவிப் பார்த்துக்கினு கீறாருன்னு எரிச்சலா வந்துச்சு.

டாக்டர் விரல் இடது கழுத்தெலும்பு மேல இருக்கிற பள்ளத்துல நின்னுடுச்சு.

"அது மரம் தூக்குன காய்ப்புங்க"ன்னு நான் முந்திக்கினேன்.

"காய்ப்பு தோல்ல இருக்கும்மா. இது உள்ளே கல்லாட்டம் இருக்கு." அவரைப் பார்த்துக் கேட்டார்: "எந்தத் தோள்ல தூக்குவே?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தினம் எண்ணெய் தேய்ச்சு விட்ட கை இது, எனக்குத் தெரியாதா?

"வலதுலதாங்க"ன்னேன்.

டாக்டர் கையை எடுத்துட்டார். வயித்து நோவு கழுத்து நெறி வரைக்கும் வந்துட்டா கத்தி வச்சுப் பிரயோஜனம் இல்லைன்னார். வீட்டுக்குக் கூட்டிக்கினு போ, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமா குடுன்னார். பாவம், அவரும் எங்களைப் பார்த்துப் பேசலை.

திரும்பி வர்றப்போ டிராம்ல நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் மெதுவா கேட்டார்: "இடதுன்னு சொல்லியிருந்தா அறுத்திருப்பாராடி?"

"கம்முனு வாய்யா"ன்னு கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவரோட மேல்துண்டை இழுத்து அந்தப் பள்ளத்தை மூடி, மேல என் கையை வச்சுக்கினேன். மயிலாப்பூர் வந்து கண்டக்டர் எறங்கச் சொல்ற வரைக்கும் எடுக்கலை.