உள்ளே போகாத வீடு

கஜபதி முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்தது அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பைத்தான். நாற்பத்தொரு பக்கம். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. புழல் சிறையில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்ட இரண்டாவது வருடம். ஒரு பக்கத்தைக் கடக்க மூன்று நாளும் ஆகும், நான்கு நாளும் ஆகும். "எதிரி" என்று வரும் இடத்திலெல்லாம் அது தன்னைத்தான் சொல்கிறது என்பது அவருக்கு மூன்றாம் பக்கத்தில்தான் விளங்கியது.

அவர் பிறந்தது திருமுல்லைவாயில் ஏரிக்கரைக் காலனியில். அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலம் மனைகளாகி வீடுகள் எழும்பியதும், காலனி ஆட்கள் அந்த வீடுகளுக்கே வேலைக்குப் போனார்கள். சாக்கடை அடைப்பு எடுக்க, செப்டிக் டேங்க் குழி தோண்ட, தென்னை மரம் கழிக்க. அப்பா செத்த பிறகு கஜபதிக்கும் அந்த வேலைதான். கையெழுத்து மட்டும் போடுவார். அதையும் கோலம் மாதிரிப் பார்த்துப் பழகியிருந்தார், எழுத்தாக அல்ல.

அப்படி அவர் வேலை செய்த வீடுகளில் ஒன்று லோகநாயகியம்மாவுடையது. கணவர் சிவராமன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருந்தார். பெண் தீபிகா எட்டாவது படித்தாள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை முற்பகலில், லோகநாயகியம்மாவை யாரோ வீட்டுக்குள் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு பீரோவில் இருந்த நகைகளை எடுத்துப்போனார்கள்.

போலீஸ் முதலில் வந்தது காலனிக்கு. ஆறு பேரைப் பிடித்துப் போனார்கள். ஐந்து பேருக்காக யாராவது வந்து பேசினார்கள். கம்பெனி முதலாளி, கட்சிக்காரர், ஒருவனுக்குச் சர்ச் பாதிரியார். கஜபதிக்காக வந்து நின்றது அவருடைய அம்மா குப்பம்மா மட்டும்தான். அவரை ஸ்டேஷன் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். கொலை நடந்த அன்று கஜபதி அயப்பாக்கத்தில் ஒரு மனையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லவேண்டிய மேஸ்திரி, போலீஸ் கேட்டபோது, எந்த நாளில் எவன் வேலைக்கு வந்தான் என்று தனக்கு நினைவில்லை என்றார்.

நான்காம் நாள் கஜபதி எதுவும் எழுதாத வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டார். எத்தனை தாள் என்று எண்ணவில்லை. எண்ணும் நிலையில் அவர் இல்லை. அதற்குப் பிறகு, அவர் காட்டிக்கொடுத்ததன் பேரில் ஏரிக்கரையில் வேலிகாத்தான் புதருக்கு அடியில் தோண்டி ஒரு சங்கிலியை எடுத்ததாக வழக்கில் எழுதப்பட்டது. அன்று அவர் ஜீப்பை விட்டுக் கீழே இறங்கவே இல்லை.

கோர்ட்டே அவருக்கு வைத்துக்கொடுத்த வக்கீல் அவரோடு பேசியது இரண்டு முறை. "நீ செஞ்சியா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றார் கஜபதி. "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாயிரத்து மூன்றில் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. முதலில் வேலூர், பிறகு புழல். முதல் ஐந்து வருடம் குப்பம்மா மனு போட்டுப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்ட்டியா நைனா?" என்று ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி. ஆறாவது வருடம் வரவில்லை. இறந்துபோன செய்தி பதினெட்டு நாள் கழித்து வந்தது.

அதற்கு அப்புறம்தான் கஜபதி எழுத்துப் படிக்கப் போனார். தங்கை ஒருத்தி இருந்தும் தொடர்பில்லை; கடிதம் எழுத அவருக்கு இனி ஆள் இல்லை. தன்னைப் பற்றி அந்தக் காகிதக் கட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. "எதிரி மேற்படி வீட்டில் பலமுறை வேலை செய்தவர் என்பதால், வீட்டின் உள்ளமைப்பையும் பீரோ இருக்கும் இடத்தையும் நன்கு அறிந்திருந்தார்." கஜபதி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தப்பாகக் கூட்டிப் படிக்கிறோமோ என்று பக்கத்து ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அப்படியேதான் இருந்தது.

ஆறு வருடம் அந்த வீட்டுக்கு அவர் வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. முன் கேட் வழியாகக்கூட வந்ததில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து கொல்லைப்புறம் போய், வேலையை முடித்துவிட்டு, துவைக்கிற கல்மேல் வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அதே சந்து வழியாகத் திரும்புவார். ஹால் எந்தப் பக்கம், அறை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. இதை அவர் வக்கீலிடம் சொன்னதில்லை. மறைத்தார் என்றில்லை. காலனி ஆளை எந்த வீட்டில் உள்ளே விட்டார்கள்? சொல்லவேண்டிய ஒரு விஷயமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் சிவராமனின் சாட்சியம் இருந்தது. முதல் தடவை சொற்களைக் கூட்டுகிற சிரமத்தில் பொருளைத் தவறவிட்டிருந்தார். "எதிரி கொல்லைப்புறமாக வந்து வேலை செய்துவிட்டுச் செல்வார் என்றும், அவரை வீட்டினுள் அனுமதிக்கும் வழக்கம் இல்லை என்றும் அ.சா.1 கூறியுள்ளார்." முதல் சாட்சியே சொன்னது. ஒன்பதாம் பக்கத்தில் எழுதியதை முப்பத்தொன்றாம் பக்கத்துக்குள் மறந்துவிட்டார்கள்.

அவர் இலவசச் சட்ட உதவிக்கு மனு எழுதினார். சந்திப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் இருந்த ஒரு பக்கம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது மனுவைப் படித்துவிட்டு இரண்டாயிரத்துப் பதினேழில் ஒரு வக்கீல் அம்மா சிறைக்கு வந்தார். பெயர் ஜமீலா. அம்பத்தூர்க்காரர்.

"ஒரு தடவகூட உள்ள போனது இல்லையா நீங்க?" என்று அவர் கேட்டார்.

"இல்லீங்க மேடம். இன்னாத்துக்கு உள்ள வுடுவாங்க?"

"தண்ணி குடிக்க? கைகால் கழுவ?"

"கொல்லாண்ட பைப்பு கீதுங்களே."

ஜமீலா அவருடைய மனுவை எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஒம்பதாம் பக்கம், முப்பத்தொண்ணாம் பக்கம். இத யாரு கண்டுபிடிச்சது?" என்றார்.

"நான்தாங்க."

டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு போயிற்று. அத்தனை வருடத் தாமதத்தை மன்னிக்கவே தனி விசாரணை நடந்தது. அது நடக்கும்போதே, பதினேழு வருடம் முடித்தவர்களை முன்கூட்டி விடுவித்ததில் கஜபதியும் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் வெளியே வந்தார். திருமுல்லைவாயிலில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார். காலனியில் அம்மா வீடு இருந்த இடத்தில் ரோடு போட்டிருந்தார்கள். தங்கை அனுசுயா அடுத்த தெருவில் இருந்தாள். அவள் பெண் சுவேதாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காத," என்றாள் அனுசுயா. "கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வேற எங்கனா இருந்துக்க. நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்க."

"நான் இன்னா சொல்லப் போறேன்," என்றார் கஜபதி. "நல்லபடியா பண்ணு."

கல்யாணம் நடந்தது. அவருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அவர் காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளியாகிவிட்டார். மோட்டார் அறையை ஒட்டி ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். காலையில் மோட்டார் போடுவது, கேட் திறப்பது, கூரியர் வாங்கி வைப்பது. அங்கே குடியிருப்பவர்கள் அவரை "வாட்ச்மேன்" என்று கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டவர் யாருமில்லை. யாருக்கும் அவர் விவரம் தெரியாது என்பதே அவருக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. அதே காரணத்தால் பேசவும் ஆளில்லை. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை "சரிங்க" என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகும்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு பிப்ரவரியில் ஜமீலா போன் செய்தார். விடுதலை. சங்கிலி எடுத்த கதையை நம்பமுடியவில்லை, வீட்டுக்குள்ளேயே போகாதவருக்கு பீரோ இருக்கும் இடம் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லியிருந்தார்கள். தீர்ப்பின் தமிழாக்கத்தை ஜமீலா கொண்டுவந்து கொடுத்தார். கஜபதி அதையும் முழுதாகப் படித்தார். இந்த முறை ஒரே சாயங்காலத்தில். கடைசியில் "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்படுகிறார்" என்றிருந்தது.

"மேடம், நான் செய்யலன்னு எந்தப் பக்கத்துல போட்டுகீது?" என்று கேட்டார்.

"அப்படி எழுத மாட்டாங்க கஜபதி. நிரூபிக்கலன்னுதான் எழுதுவாங்க."

"சந்தேகம் அப்படியேதான் கீதா அப்போ?"

ஜமீலா அவருடைய கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்துக்கொண்டு அனுசுயா வீட்டுக்குப் போனார். அவள் அழுதாள். சோறாக்கிப் போட்டாள். அவள் கணவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார். முடித்ததும், "விட்டாங்களே, அதுவே பெருசு" என்றார். செய்யாதவனை விட்டார்கள் என்றா, செய்தவனை விட்டார்கள் என்றா, கஜபதிக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

விடுதலைக்குப் பிறகாவது தனியாக ஒரு அறை எடுக்கலாம் என்று தேடினார். காட்டுப்பாக்கத்திலேயே ஒரு மாடி அறை பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மா நல்லபடியாகத்தான் பேசினார். "சொந்த ஊர் எது?" என்றார். திருமுல்லைவாயில். "அங்க எந்தத் தெரு?" என்றார். ஏரிக்கரைக் காலனி என்று கஜபதி சொன்னார். "எங்க வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்," என்றார் அந்த அம்மா. போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. கொலைக்கேஸைப் பற்றி அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

மே மாதத்தில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து கேட் பக்கத்தில் நின்றாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். யார் வீட்டுக்கு என்று கஜபதி நோட்டை எடுத்தார்.

"உங்களப் பாக்கத்தான் வந்தேன். நான் தீபிகா. சிவராமன் பொண்ணு."

அவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்ல ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அதில் அவளை உட்காரச் சொன்னார்.

"அப்பா போன வருஷம் போயிட்டாரு. தீர்ப்பு பேப்பர்ல பாத்தேன். உங்க வக்கீல்கிட்ட விலாசம் கேட்டு வந்தேன்," என்றாள். "அம்மா உங்கள உள்ள விட்டதே இல்லன்னு எனக்கும் தெரியும். என்னை யாரும் கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா பாப்பா?"

அவள் யோசித்தாள். "தெரியல. அப்போ யாரையாவது பிடிச்சாப் போதும்னு இருந்துச்சு. அதுவும் உங்க ஆளுங்கன்னா எல்லாரும் உடனே நம்பிட்டாங்க. நானும் நம்பினேன்."

கஜபதி கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இல்லன்னா, அப்போ யாரு?" என்றாள் தீபிகா. "இத்தன வருஷம் அந்தக் கேள்வியே எனக்கு இல்ல. இப்போ தூக்கமே வரல."

இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியைக் கஜபதியும் பல நூறு முறை கேட்டுப் பார்த்திருந்தார். பதில் இல்லை. அதையே சொன்னார். மறு விசாரணை கேட்டு மனு எழுதப்போவதாக அவள் சொன்னாள். அந்த வாரம் வீட்டுப்பக்கம் யாரையாவது பார்த்தாரா, அம்மா எதையாவது சொன்னாளா, எது நினைவிருந்தாலும் சொல்லும்படி கேட்டாள்.

அவர் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாக்கடை எடுத்தது, லோகநாயகியம்மா கொல்லையில் ஊறுகாய்க்கு எலுமிச்சை காயவைத்திருந்தது, பக்கத்து மனையில் லாரி வந்து மணல் கொட்டியது, பிறகு ஸ்டேஷன், கோர்ட், வேலூர், அம்மா. தீபிகா கேட்டது கொலை நடந்த அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். அவரால் அங்கே நிறுத்த முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசியதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளும் குறுக்கிடாமல் கேட்டாள். போகும்போது, "அடுத்த வாரம் மனுவ எழுதிட்டு வந்து காட்டுறேன்" என்றாள்.

அடுத்த வாரம் வரவில்லை. ஜூலையில் ஒரு முறை போன் வந்தது. மனுவைத் திருப்பிவிட்டார்கள், கோப்பு கிடைக்கவில்லையாம். "திரும்பவும் போடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"போடு பாப்பா," என்றார் கஜபதி. "கையெழுத்து வேணும்னா நான் வரேன். இப்போ படிச்சிட்டுத்தான் போடுவேன்."

அதன்பிறகு பேச்சில்லை. அவர் காட்டுப்பாக்கத்திலேயே இருக்கிறார். மத்தியானம் கட்டடம் அமைதியாக இருக்கும் நேரத்தில் மோட்டார் அறைக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாடிக்காரர்கள் வாங்கிப் படித்துப் போட்ட செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறார். ஒரு வரியையும் விடுவதில்லை.