சீதனம் கேட்காத மாஸ்டர்

எங்கள் ஊரில் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் கடைப்பக்கம் வந்தால் வாங்குப் பலகையில் இருக்கிறவர்கள் எழும்பி நிற்பார்கள். மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்து விடுவார்கள். பீடியைக் கைக்குள் மறைப்பார்கள். அவர் போனதும் மறுபடி உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். மழை பெய்தாலும் மிளகு விலை விழுந்தாலும் ஒரே சம்பளம் வாங்குகிற மனிதனிடம் ஏதோ சூது இருக்கத்தான் வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

ஊர் பல்லேபொலவுக்குக் கிட்ட. எல்லாரும் மிளகு, கராம்பு, பாக்கு என்று ஏதாவது வாங்கி விற்கிறவர்கள். ஐந்தாம் வகுப்போடு என்னை மாமா தன் கடைக்கு எடுத்துக்கொண்டார். உம்மாவுடைய மூத்த சகோதரர் அவர். படித்தவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பார். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. வகுப்பில் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். கடையில் தராசு பேசிக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருந்து வெங்காயமும் கொச்சிக்காய் மிளகாயும் வருவது நின்றுபோய், உள்ளூர்ச் சரக்குக்கு விலை ஏறியிருந்த காலத்தில் அந்த மாஸ்டர் வந்தார். கிழக்குக் கரையில் ஓர் ஊர்க்காரர். பள்ளிவாசலுக்குப் பக்கத்து அறையில் தங்கினார். அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில் இருந்து கேரியரில் போகும். கேரியரை அவர் கழுவித் துடைத்து அனுப்புவார். வேறு யாரும் அப்படி அனுப்பி நாங்கள் பார்த்ததில்லை. அதைத் திறந்து பார்க்கும்போது தங்கச்சியின் முகம் மாறுவதை உம்மா கவனித்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

தலைமை ஆசிரியர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, மாஸ்டர் எங்கள் தங்கச்சியைக் கேட்கிறார் என்றார். வீடு வேண்டாம், காணி வேண்டாம், கைக்கூலிப் பணமும் வேண்டாம் என்றார். அந்தக் கடைசிப் பேச்சுத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தலைமை ஆசிரியர் படி இறங்கும் வரை மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பக்கத்துல மாஸ்டருக்கு வீடும் வயலும் குடுத்துப் பொண்ணு குடுப்பாங்க. அதெல்லாம் விட்டுட்டு ஏன் இங்க வாறான்?" என்று கேட்டார்.

ஊரில் பொருள் வாங்குகிற எவரும் கேட்கிற கேள்விதான் அது. நல்ல கராம்பை ஒருவன் சும்மா தருகிறேன் என்றால் சாக்கின் அடியில் கைவிட்டுப் பார்ப்போம்.

வாங்கில் உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கே ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்றார் ஒருவர். வெளியே தெரியாத நோய், வருத்தம் ஏதாவது இருக்கும் என்றார் இன்னொருவர். சனிக்கிழமை காலையில் மடித்த சாக்கோடு கலேவெல பஸ் ஏறுகிறவர் ஞாயிறு பின்னேரந்தான் வருகிறார், அரிசி கடத்துகிறாரோ தெரியாது என்றும் பேச்சு வந்தது. அப்போது அரிசி கொண்டுபோனால் வழியில் பிடிப்பார்கள். கேரியர் கழுவுகிற கதை மாமாவின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. "சட்டி கழுவிப் பழகின ஆம்பிளடா. ஒருத்தி பழக்கியிருக்கா" என்றார்.

வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கிற உரிமை கூடப்பிறந்த ஆணுக்குத்தான். அவரை வலி என்போம். ஆகவே வலி நான். ஆனால் முடிவு மாமாவுடையது. அதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, எனக்கும்தான். கலேவெல வரை போய்ப் பார்த்து வரும்படி மாமா என்னை அனுப்பினார். பேசத் தெரியாதவனாகையால் ஒளிந்து பார்ப்பது எனக்கு வரும் என்று நினைத்திருக்கலாம்.

பஸ்ஸில் மாஸ்டருக்குப் பின்னால் தள்ளி நின்றேன். ஏறிய ஒரு கிழவர், மாஸ்டர் என்று தெரிந்து, இருந்தவனை எழுப்பி அவருக்கு இடம் கொடுத்தார். வெள்ளைச் சட்டையும் களிசானுமாக அவர் நேராக இருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, இது பொய் சொல்லுகிற முதுகு என்றே எனக்குப் பட்டது.

கலேவெலச் சந்தையில் அவர் ஒரு வெங்காயக்காரரின் கொட்டிலுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய பெனியனும் சாரமுமாக வெளியே வந்து தராசடியில் குந்தினார். சிங்களத்தில் விலை சொல்லிக் கூவினார். பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற என்னை அவர் கண்டுவிட்டார். ஓடத் தோன்றியது. அதற்குள் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

பிளேன்டீ வாங்கித் தந்தார். கொட்டில்காரர் அவருடைய ஊர்ச் சொந்தக்காரர். மாஸ்டருக்குக் கீழே சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் நடக்காது. சம்பளத்தில் சுவர் எழும்பாது என்பதால் இங்கே வருகிறார். மடித்துக் கொண்டுவந்த சாக்கு, தராசடியில் விரித்துக் குந்துவதற்கு.

"எங்க வீட்டு ஆம்பிளைகள் வீடு கட்டியே கிழவனாயிட்டாங்க. நான் அதையே ஒரு உம்மாக்கிட்ட போய் எப்பிடிக் கேக்குறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல சொல்லிப் போடாதீங்க. வெங்காயம் நிறுக்கிறவன்னு தெரிஞ்சா பிள்ளைகள் மதிக்க மாட்டாங்க."

சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் சிக்கல் விளங்கியது. சொல்லாவிட்டால் அங்கே ஒரு பெண்சாதி இருப்பதாகவே முடிவாகி, தங்கச்சியின் கலியாணம் நின்றுவிடும். சொன்னால் வாக்குப் போய்விடும். அவர் சொன்னது முழுக்க உண்மைதானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. சகோதரிகளை நான் கண்டேனா?

வீட்டுக்கு வந்து, மாமா கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, கலேவெலயில் செத்தல் கொச்சிக்காய் மலிவு என்று மாமாவிடம் சொன்னேன். அதற்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லையே. மாமா என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

கொட்டிலுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலவே நடந்துகொண்டார்கள். மாஸ்டருடைய முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. மாமா ஒரு வெங்காயத்தை நசுக்கி முகர்ந்து, காய்ந்த சரக்கா என்று கேட்டார்.

"மேல உள்ளது காஞ்சது. அடியில ஈரம். வேணுமெண்டா பிரிச்சுத் தாரேன்."

மாமா சாக்கின் அடியில் கைவிட்டுப் பார்த்தார். பிறகு விலை பேசினார். மாஸ்டர் இறங்கவில்லை. மாமா போகிறவர் போல நடந்தார். மாஸ்டர் கூப்பிடவில்லை. மாமா தாமாகத் திரும்பி வந்து ஒரு சாக்கு வாங்கினார். எங்களுக்கு வெங்காயம் தேவையே இருக்கவில்லை.

"இந்த உண்மையெல்லாம் பேசிக்கொண்டு யாவாரம் செய்ய ஏலா. அத மாத்தலாம். ஆள் சரி" என்றார் பஸ்ஸில்.

வீட்டில் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, ஒரு நிபந்தனையும் வைத்தார். நிக்காஹ் முடிந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு எங்கள் கடைக்கு வந்துவிட வேண்டும். மாதச் சம்பளக்காரன் கையில் பெண்ணைக் கொடுத்ததாக ஊர் சொல்லக் கூடாது. உம்மா சரி என்றார். நானும் சரி என்றுதான் தலையாட்டியிருப்பேன். மாமா போனபின் தங்கச்சி அடுப்படியில் இருந்து வந்தாள்.

"நாநா, எனக்கு வலி நீங்களா, மாமாவா?"

நான் மாமா போன வாசலைப் பார்த்தேன்.

"வாப்பாவும் சந்தை சந்தையா அலைஞ்சுதான் மௌத்தானாங்க. நான் கேட்டது மாஸ்டர. வெங்காயக்காரர இல்ல."

மறுநாள் கடை திறக்க முன் தலைமை ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். சம்மதம், நிபந்தனை ஒன்றும் இல்லை என்று சொன்னேன். வழியெல்லாம் அந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பிறகு கடைக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன். அவர் கையில் இருந்த படிக்கல்லைத் தராசில் இருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"வலிக்கு இப்பத்தான் வாய் வந்திரிக்கி" என்றார்.

அதற்கப்புறம் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நிக்காஹுக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

வெங்காயக் கதையை மாமாவே வாங்கில் சொல்லிவிட்டார், பெருமையாகத்தான். அதன்பின், எனக்கு மச்சானாகிவிட்ட மாஸ்டர் கடைக்கு வந்தால் பாதிப்பேர்தான் எழும்பினார்கள். மற்றவர்கள் இருந்தபடியே விலை கேட்டார்கள். அவரும் விலை சொல்லிவிட்டு, உங்கள் மகன் ஏன் ஸ்கூலுக்கு வரவில்லை என்று திருப்பிக் கேட்பார். கடைசிச் சகோதரியின் வீட்டுக்கு ஓடு போட்டு முடியும் வரை சனிக்கிழமைகளில் கலேவெலவுக்குப் போய்வந்தார். நானும் தங்கச்சியும் அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் போய், அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தோம்.

மாமா வயதாகி எங்கள் வீட்டோடு இருந்தார். ஒவ்வொரு பெருநாளிலும் மச்சானிடம், "இன்னம் பள்ளிக்கூடந்தானா?" என்று கேட்பார். ஒரு பெருநாளன்று சாப்பிட்டு முடிந்ததும் மச்சான் தன் பீங்கான் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாமா என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"எனக்கு இப்பவும் சந்தேகந்தான்டா. யாரோ ஒருத்தி பழக்கித்தான் இரிக்கா."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கிணற்றடியை ஒருதரம் எட்டிப் பார்த்தேன். தங்கச்சி தண்ணீர் ஊற்ற, அவர் கழுவிக்கொண்டிருந்தார்.