பேச்சியக்கா வீட்டு இயேசு

அம்மாவும் நானும் கதவைத் தட்டியபோது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நெடிதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான், திராட்சைக்கு மருந்தடித்து நீலம் பாரித்த கைகளோடு பேச்சியக்கா வெளியே வந்தார்.

கூடலூரில் நாங்கள் மளிகைக்கடை வைத்திருந்தோம். கடைக்கு வாடிக்கையாக வரும் பேச்சியக்கா எங்களைப்போல் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகைக்கு வருடம் தவறாமல் முதல் கூடைத் திராட்சை அவர் தோட்டத்திலிருந்துதான் வரும்.

"ரெண்டாயிரத்துல உலகம் அழிஞ்சிரும்" என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்தக் கோடையில், அம்மா இயேசுவைப் பற்றிய கைப்பிரதிகளை அள்ளிக்கொண்டு "வீடு சந்திப்பு" என்று தெருத்தெருவாகக் கிளம்பினாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், யாரோ இப்படி வந்து கதவைத் தட்டியதால் பிழைத்தவள் அவள். ஆகவே அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், "பேச்சியக்கா வீட்டுல இயேசு படம் இருக்கும்மா" என்று பெருமையாகச் சொல்லி அவளை அங்கே கூட்டிப்போன பாவி நான்தான்.

சாமி அலமாரியில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், நெற்றியில் குங்குமமும் தலையில் செம்பருத்தியுமாக இயேசு இருந்தார்.

"எம்மகன் காய்ச்சல்ல கெடந்தப்ப இவுகதான்க்கா காப்பாத்துனாக" என்றார் பேச்சியக்கா, பூரிப்போடு.

அம்மாவின் முகம் இறுகியது. "இவர மட்டும் வச்சுக்க பேச்சி. மத்ததை எல்லாம் எடுத்துரு. எல்லாரோடயும் சேத்து வச்சா இவரு இருக்க மாட்டாரு."

பேச்சியக்கா திகைத்துப்போய் அலமாரியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவுகெல்லாம் நான் வாக்கப்பட்டு வாரதுக்கு முந்தியே இங்கன இருக்காகளே. எப்பிடிக்கா போகச் சொல்றது?"

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பேச்சியக்கா சண்டை போடவுமில்லை. படத்தைக் கழற்றி, குங்குமத்தை முந்தானையால் துடைத்து, சூடம் காட்டி என் கையில் கொடுத்தார். "இருக்க மாட்டேன்னா நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க" என்றவர், உள்ளே போய் ஒரு கொத்துத் திராட்சையை எடுத்துவந்து படத்தின்மேல் வைத்தார். "வீட்ட விட்டுப் போறவுகள வெறுங்கையோட அனுப்பக் கூடாது, ஆத்தா."

இயேசுவைக் கொடுக்கப் போன வீட்டிலிருந்து அவரையே தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றோம். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் கூடை வரவில்லை. பண்டிகையன்று அம்மா வாசலையே பார்த்தபடி நின்றாள். அதற்குப் பிறகும் அவள் வீடு வீடாகப் போனாள். பேச்சியக்கா தெருப்பக்கம் மட்டும் போகவில்லை.

இன்று அம்மாவும் இல்லை, அந்தத் திராட்சைப் பந்தல் தோட்டமும் இல்லை. ஜெபமும் பிரசங்கமும் போனிலேயே வந்துவிடுவதால் கைப்பிரதியோடு கதவைத் தட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். படம் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் சட்டத்தின் ஓரத்தில் குங்குமம் ஒட்டிக்கொண்டேயிருக்கிறது. போன மாதம் பேச்சியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்தார், அம்மாவை நினைத்து அழுதார். அலமாரியில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் அந்த இடம் காலியாகவே இருந்தது. பையில் வைத்திருந்த படத்தை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.