குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. யசுஹிதே இதை என்னிடம் சொன்னபோது குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற ஆள் அவர். எங்கள் நாகஓகா ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. எதையும் கழற்றி உள்ளே பார்க்காமல் நம்ப மாட்டார். கோவிலுக்குப் போனால்கூட மணி எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று அண்ணாந்து பார்க்கிறவர். அப்படிப்பட்ட மனிதர், சொல்லி முடிக்கும்வரை முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

அவர் மனைவி மிசாவோ புற்றுநோயில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் சிஹோவுக்கு அப்போதுதான் ஏழு வயது முடிந்திருந்தது. அப்பாவும் மகளுமாக எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் முட்டைப் பொரியல், தலையில் கோணல் ரிப்பன். இதைப் பார்த்து மிசாவோவின் அக்கா தோஷிமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, பொம்பளப் பிள்ளைய வளக்கறது லிஃப்டு ரிப்பேரு இல்ல. ஏப்ரல்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள சிஹோவ என்கிட்ட அனுப்பிடுங்க. நான் வளத்துக்கறேன்."

"யோசிச்சு சொல்றேன்க்கா."

"யோசிக்க என்ன இருக்கு? அவளுக்குத் தலை பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அதனால்தான் 'அனுப்ப மாட்டேன்' என்று அவரால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை சிஹோவைக் காரில் ஏற்றிக்கொண்டு மலை மேலிருக்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போனார். அனுப்புவதா, வேண்டாமா... அந்தக் கேள்வியும் பெட்டியோடு பெட்டியாகக் கூடவே ஏறிக்கொண்டது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே பேர்போன விடுதி அது. வாசலில் முயல் காது வைத்த குட்டிச் செருப்புகள். சோற்றின் உச்சியில் காகிதக் கொடி. குளிக்கிற தொட்டியில் மிதக்கவிட மஞ்சள் வாத்துகள். வெளியே பனி ஜன்னல் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சிஹோ முயல் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடம் முழுக்கத் தத்தித் தத்திக் குதித்தாள்.

இருட்டத் தொடங்கும் நேரம் குளிக்கப் போனார்கள். ஆண்கள் பக்கத்துக்கு நீலத் திரை, பெண்கள் பக்கத்துக்குச் சிவப்புத் திரை. ஏழு வயது ஆன குழந்தைகள் அவரவர் பக்கம்தான் குளிக்க வேண்டும் என்று அறிவிப்பு. போன மாதம்வரை சிஹோ அப்பாவோடு நீலத் திரைக்குள் போனவள்.

"நான் மட்டும் தனியாவா?"

"சுவருக்கு இந்தப் பக்கம்தான் அப்பா இருப்பேன். கூப்பிட்டா கேக்கும்."

"ஷாம்பு கண்ணுல போனா?"

"கண்ண மூடிக்கோ."

"அது எனக்குத் தெரியாதாக்கும்," என்று உதட்டைச் சுழித்துவிட்டு வாத்தோடு உள்ளே போய்விட்டாள். சிவப்புத் திரைக்குக் கீழே அவளுடைய முயல் செருப்பு மட்டும்தான் இருந்தது. வேறு செருப்பு இல்லை. அதை அவர் நன்றாகப் பார்த்தார்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு மரச் சுவர். கூரைவரை போகாது, மேலே இடைவெளி இருக்கும். ஆவியும் குரலும் அதன் வழியே போய்வரும். குடும்பத்தோடு குளிக்கப் போகிற எல்லாருக்கும் இங்கே ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பக்கம் குளித்து முடித்த ஆண், கிளம்பும்போது சுவருக்கு மேலாக ஒரு குரல் கொடுப்பான். அந்தப் பக்கத்திலிருந்து மனைவி பதில் குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். மிசாவோ இருந்தவரை, சிஹோ அப்பாவோடு இந்தப் பக்கம் குளிக்க, இவர்களும் தெருமுனைக் குளியல் கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அன்று ஆண்கள் பக்கத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. கந்தக வாடையோடு சூடான தண்ணீர். கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடினார். அந்தப் பக்கம் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். சிஹோவின் சிரிப்பு. மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம்... சிரிப்பு நிற்கவே இல்லை. தண்ணீரும் நிற்கவில்லை.

தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது எந்தக் குழந்தை சிரிக்கும்? அது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. எழுந்தார். இரண்டு வருடமாக வாயில் வராத வார்த்தை, பழக்க தோஷத்தில் தானாக வந்துவிட்டது.

"நாங்க வெளிய போறோம்!"

"சரிப்பா!" என்றாள் சிஹோ.

அதை ஒட்டி, மெதுவாக, ஒரு பெண் குரல்.

"சரீங்க..."

யாரோ விளையாட்டாகப் பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்து காபிப் பால் பாட்டிலோடு காத்திருந்தார். சிஹோ வந்தாள். தலைமுடி சுத்தமாக அலசி, ஈரம் துவட்டி, ஒரு பிசிறு இல்லாமல் இரட்டைப் பின்னல் போட்டிருந்தது.

"யாரு பின்னி விட்டா?"

"ஒரு அம்மா."

"யாரோட அம்மா?"

"தெரியல. ஒரு அம்மா. நெத்தில கைய வெச்சு மறைச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்துனாங்க. கண்ணுல போகவே இல்ல."

பாட்டிலைக் கீழே வைத்தார். மிசாவோ அப்படித்தான் குளிப்பாட்டுவாள். உலகத்தில் பாதித் தாய்மார்கள் அப்படித்தான் குளிப்பாட்டுவார்கள், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு அது தோன்றும்? திரையை விலக்கி உடை மாற்றும் அறையை எட்டிப் பார்த்தார். காலி. சாப்பாடு பரிமாற வந்த விடுதிக்காரம்மாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். அவள் பெயர் இசோனோ.

"இன்னைக்கு வேற பொம்பளைங்க யாரும் தங்கியிருக்காங்களா?"

"இல்லையே சார். உங்க குட்டி மகாராணி மட்டும்தான். மத்தபடி ரெண்டு கிழவனுங்க, சீட்டாடிக்கிட்டுக் கெடக்கறாங்க."

பயந்திருக்க வேண்டும். அவர் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். மிசாவோ வந்துவிட்டாள், மகள் தலையைப் பார்க்கச் சகிக்காமல் வந்துவிட்டாள் என்றே நினைத்தாராம். இனி அந்தக் கேள்விக்கு அவர் பதில் தேட வேண்டாம். அவளிடமே கேட்டுவிடலாம். பெற்றவள் சொல்லட்டும்.

காலையில் விடிந்தும் விடியாமலும் சிஹோவை எழுப்பினார்.

"குளிக்கப் போலாம், வா."

"இப்பவா? தூக்கம் வருதுப்பா."

"அந்த அம்மா இருப்பாங்க."

சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

இந்த மாதிரி விடுதிகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் திரைகளை மாற்றிவிடுவார்கள். நேற்று ஆண்கள் குளித்த இடம் இன்று பெண்களுக்கு, நேற்று பெண்கள் குளித்த இடம் ஆண்களுக்கு. வந்தவர்கள் இரண்டு தொட்டியையும் அனுபவிக்கட்டும் என்று. யசுஹிதேவுக்கு இது தெரியாததல்ல. சின்ன வயதிலிருந்து பார்ப்பது. நீலத் திரையைப் பார்த்தார், உள்ளே போனார். அவ்வளவுதான். நேற்று சிஹோ குளித்த இடத்தில் இப்போது தான் நிற்கிறோம் என்பதை அவர் நினைக்கவே இல்லை.

உள்ளே ஆவி அடர்த்தியாக நின்றது. யாரும் இல்லை. தொட்டியில் இறங்கிச் சுவரோரமாகப் போய் நின்றார்.

"சிஹோ, இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்த அம்மா?"

"யாருமே இல்லப்பா."

வருவாள். கொஞ்சம் பொறுத்தால் வருவாள். தண்ணீர் மட்டும் குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது... சளசளவென்று.

சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மிசாவோ... என்னால முடியலம்மா. பிள்ளைய விட்டுடட்டுமா?"

குழாய்ச் சத்தம்.

குழாய்ச் சத்தம்...

"சரீங்க..."

பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. மிசாவோவின் குரல் கரகரப்பானது, எப்போதும் ஜலதோஷம் பிடித்ததுபோல இருக்கும். இது மெலிந்த, தெளிவான குரல்.

இது மிசாவோ இல்லை.

டொக்.

யாரோ மரவாளியைக் கீழே வைத்தார்கள்.

தண்ணீர் அசைந்தது. சின்ன அலை ஒன்று அவர் முதுகில் வந்து மோதியது. பிறகு இன்னொன்று. கிட்டத்தில்.

"மயூ..." காதோரத்தில். "அப்பா விட்டுட்டாங்க. வாம்மா."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிஹோ...

அவர் மகள் சிஹோ...

"தோ வரேன்!"

எப்படித் தொட்டியிலிருந்து ஏறினார் என்று தெரியாது. இடுப்பில் துண்டோடு, பனி மாதிரிச் சில்லிட்ட நடைவழியில் ஓடிச் சிவப்புத் திரையைக் கிழிக்காத குறையாக உள்ளே பாய்ந்தார். சிஹோ தொட்டியின் ஆழமான மூலையில் நின்றாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது. கன்னம்வரை தண்ணீர். வாய் முங்கியிருந்தது. இரண்டு கையையும் சுவருக்கு நீட்டியிருந்தாள், தூக்கச் சொல்லி.

அள்ளி எடுத்தார். "விடமாட்டேன்! யாருக்கும் விடமாட்டேன்!" என்று கத்தினார். யாரிடம் கத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சத்தம் கேட்டு இசோனோ ஓடி வந்தாள். பெண்கள் பக்கம் ஒரு ஆண் நிற்பதைப் பார்த்துத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். "மயூ" என்ற பெயரை அவர் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது ரித்சுகோவோட பொண்ணு பேரு சார்..."

பல வருடத்துக்கு முந்தைய கதை. புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயதுப் பெண். புருஷன் குழந்தையோடு ஆண்கள் பக்கம் குளித்தான். முடித்ததும் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தான், நாங்க வெளிய போறோம் என்று. அந்தப் பக்கத்திலிருந்து ரித்சுகோவும் சரீங்க என்றாள். குளித்து வந்து பார்த்தால் பெட்டி இல்லை, கார் இல்லை, குழந்தை இல்லை. தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அப்புறம் விவாகரத்து. பிள்ளை முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை.

"வருஷா வருஷம் இதே பனில வருவா சார். எவ்வளவு கூப்பிட்டாலும் தண்ணிய விட்டு எழுந்திருக்க மாட்டா. 'அவரு மறுபடி கூப்பிடுவாரு'ம்பா. ஒரு வருஷம் அதுலயே மயங்கி விழுந்துட்டா. அந்தப் பொண்ணுகிட்ட அம்மா செத்துட்டான்னே சொல்லி வளத்திருக்காங்களாம். பாவிப் பசங்க."

"இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி...?"

"இல்ல சார். இப்பல்லாம் யாரு சுவரு மேல குரல் கொடுக்கறா? எல்லாம் போன்லதான்."

"அவங்க செத்து எத்தன வருஷமாச்சு?"

இசோனோ அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"யாரு சார் செத்ததா சொன்னது? மூச்சு இருந்துச்சு, நெனவுதான் திரும்பல. கீழ டவுன் ஆஸ்பத்திரிலதான் கெடக்கறா."

மலையிறங்கும்போது நேரே வீட்டுக்குத்தான் போக நினைத்தார். ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்ததும் காரைத் திருப்பிவிட்டார். ஏனென்று கேட்டேன். விட்டுடட்டுமா என்று கேட்டு அவளிடம் சரி வாங்கிவிட்டு, விடமாட்டேன் என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன், நேரில் சொல்லாமல் போக மனம் வரவில்லை என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

கட்டிலில் குச்சிபோல ஒரு பெண். தலையைச் சுற்றித் துண்டு. வயதான நர்ஸ் ஒருத்தி வாய் கொள்ளாச் சிரிப்போடு வரவேற்றாள்.

"இவங்கள இதுவரைக்கும் யாருமே பாக்க வந்ததில்ல. நீங்க என்ன வேணும் இவங்களுக்கு?"

யசுஹிதே வாய் திறப்பதற்குள் சிஹோ முந்திக்கொண்டாள்.

"எனக்குத் தலைக்குக் குளிப்பாட்டி விட்டாங்க."

"அப்படியா கண்ணு? எப்போ?"

"நேத்து."

நர்ஸ் சிரிக்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, அந்தத் துண்டை அவிழ்த்தாள்.

"காலைல ஷீட் மாத்த வந்தேன். ஷீட்டெல்லாம் காஞ்சு கெடக்கு. முடி மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. சுடுதண்ணி. இவங்கள நாங்க குளிப்பாட்டறது வியாழக்கிழமைதான்..."

முடியிலிருந்து கந்தக வாடை வந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே தோஷிமிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை.

"அனுப்பலக்கா. என்கிட்டயே இருக்கட்டும்."

"தலை?"

"பின்னக் கத்துக்கறேன்."

இவ்வளவுதான் நடந்தது. இன்னும் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"செத்தவங்க வர முடியாதுன்னுதான் இத்தன நாளா மனசத் தேத்தி வெச்சிருந்தேன். சாகக்கூட இல்ல ஒருத்தி, எழுந்திருக்க முடியாதவ, அந்த மலைமேல ஏறி வந்து யாரோ ஒரு பிள்ளைக்குத் தலை பின்னிட்டுப் போறா. வழி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே... அப்ப மிசாவோ ஏன் வரல?"

சிஹோ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தித்தான் இதைக் கேட்டார்.