ஆனைமலையில் அரைத்த மிளகாய்

காலை ஆறரைக்கு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய், நாற்பது கிலோமீட்டர். என் மகள் கௌசல்யா சன்னலோரம் உட்கார்ந்தாள். வயது முப்பத்தொன்று. எட்டு வயசிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. நான் அஞ்சாவதோடு நின்றவள். டாக்டரம்மா சொன்னதை என் புத்திக்கு எட்டின மாதிரி எழுதுகிறேன். இது வயசானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. இனிப்புத் தின்று வந்ததும் இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது. தினம் நாலு ஊசி, உயிர் உள்ள வரைக்கும். முதல் வருசம் யாரோ சொன்னார்கள் என்று கசாயம் கொடுத்து ஊசியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் வாந்தியும் மேல்மூச்சுமாக ஆஸ்பத்திரியில் போய்க் கிடந்தாள். அதற்கப்புறம் ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. வெளியில் யாருக்கும் சொன்னதுமில்லை.

போன மாசம் அவிநாசிப் பக்கம் ஒரு நல்ல இடம் கூடி வந்தது. நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, "பொண்ணு ஊசி போடுதாமே" என்று போனில் கேட்டு, வேண்டாமென்று வைத்துவிட்டார்கள். யாரோ சொல்லிப்போட்டார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவரை நினைத்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் அம்மன் கேட்பாள். அதற்காகத்தான் புறப்பட்டேன். மகளிடம் சும்மா கும்பிட்டு வரலாம் என்றேன்.

எட்டு மணிக்குப் பொள்ளாச்சி. ஆனைமலை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "மிளகா அரைக்கறதுக்குங்களா, எண்ணெய்க் காப்புக்குங்களா?" என்றார். கேட்டது நடந்தவர்கள் எண்ணெய்க் காப்புச் செய்து அம்மனைக் குளிர வைப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சும்மா கும்பிடத்தானுங்க" என்று கௌசல்யா சிரித்தாள்.

ஒன்பதரை. செவ்வாய்க்கிழமைக் கூட்டம். வரிசையில் நிற்கையில் கௌசல்யாவுக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பத்தெட்டு. சர்க்கரை ஏறினால் மட்டுமில்லை, இப்படி இறங்கினாலும் ஆபத்து. குளுக்கோஸைக் கலக்கிக் குடிக்க வைத்து நிழலில் உட்கார்த்தினேன். கால் மணி கழித்துக் குத்தினால் தொண்ணூற்றாறு.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."

உள்ளே மிளகாய் அரைக்கும்போது பக்கத்தில் அரைத்த அம்மா கேட்டார்: "யாருக்குங்க? எனக்கு என்ற கொழுந்தனுங்க. அந்த ஆளுக்குக் கொஞ்சம் பத்தாதுன்னு அரைக்கிலோ வாங்கியாந்தேன்!"

பக்கத்து வீட்டு ராசாமணி மேல்தான் எனக்குச் சந்தேகம்; ஒருநாள் சன்னல் வழியாக ஊசியைப் பார்த்துவிட்டாள். கண்ணால் பார்க்காமல் பேர் சொல்ல மனசு வரவில்லை. 'சொன்ன வாய் யாருதா இருந்தாலும் நீயே பார்த்துக்கோ தாயே' என்று பூசிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மெஸ். சாப்பாடு எண்பது ரூபாய். இலை போட்டதும் கௌசல்யா ஊசியை எடுத்தாள். யாரும் பார்க்காதபடி, வழக்கம்போல் என் முந்தானையை விரித்துப் பிடித்தேன்.

"விடுங்கம்மா" என்றாள். வயிற்றில் குத்தி, துடைத்து, மூடி வைத்தாள். "அவிநாசிக்காரருகிட்டச் சொன்னது நான்தான். நானே போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்."

"ஏன் கண்ணு?"

"காலைல கை நடுங்குச்சு, நீங்க கலக்கிக் குடுத்தீங்க. அங்க யாரு குடுப்பாங்க? கட்டிக்கறவருக்குத் தெரிய வேண்டாமா?"

எனக்குக் கையெல்லாம் எரிந்தது. எதற்கு மிளகாய் அரைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். பேர் சொல்லாமல் பூசியதையும் சொன்னேன்.

"எனக்கு இனிமேப் புதுசா என்னம்மா வரப்போகுது?" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கும் முன்னே அழுகை வந்துவிட்டது. ஊசி போட்டாகிவிட்டது, சாப்பிடாமல் எழ முடியாது. அழுதுகொண்டே சோற்றை அளவாகச் சாப்பிட்டாள்.

ஒன்றரைக்குத் திரும்பக் கோயிலுக்கு ஓடினேன். நான் பூசினதன்மேல் எத்தனையோ பேர் பூசியிருந்தார்கள். வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள், பூசாரியை நிறுத்தினேன். "தெரியாமக் கேட்டுப்போட்டேனுங்க. திருப்பி வாங்க முடியுங்களா?"

"யாரை என்ன செய்யோணும்னு அவளுக்குத் தெரியாதுங்களாம்மா? எண்ணெய்க் காப்பு செஞ்சுட்டுப் போங்க."

செய்தேன். மனசு ஆறவில்லை.

மூன்று மணிக்குப் பொள்ளாச்சியில் கோயம்புத்தூர் பஸ். கௌசல்யா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த அம்மா அவளையே பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொண்ணுக்கு எத்தனை குழந்தைங்க?" என்றார்.

"கல்யாணம் ஆகலீங்க."

"அட, என்ற அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கறானுங்க. சொந்தமா லேத்துப் பட்டறை. சாதகம் இருக்குதுங்களா?"

"அவளுக்குச் சின்னதுல இருந்தே சர்க்கரைங்க. தினம் நாலு ஊசி போடோணும்" என்றேன். வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அட சாமி" என்றார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிணத்துக்கடவில் இறங்கும்போது வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று கௌசல்யாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்துகொண்டே தனியாக உட்கார்ந்து அந்தப் போனைப் பண்ணியிருக்கிறாள். அப்போது நானும் வீட்டில்தான் எங்கோ இருந்திருப்பேன்.