லுவார் ஆற்றங்கரையில் என் மகளைத் திருப்பித் தந்தார்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, பிரான்ஸ் தேசத்தில், பெயர்கூட என் வாயில் நுழையாத ஒரு கிராமத்துத் தெருவில், சாகக் கிடந்த மகளைக் கூடாரத்தில் தனியே விட்டுவிட்டு, உதவி கேட்க வார்த்தை இல்லாமல் நின்றவன் நான். அந்த நாளில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் ஞானதாஸ். ஊர் புதுக்கடை. வாழ்நாளில் பாதியைச் சவூதியில் லாரி ஓட்டிக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். எனக்கும் என் மனைவி சாந்திக்கும் ஒரே மகள், ஜெனிஷா. அவள் பிரான்சில் லியோன் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். ஊருக்கு வந்த பிறகு எனக்குச் சர்க்கரை ஏறியதால், டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் தேங்காப்பட்டணம் கடற்கரை வரை சைக்கிள் மிதிக்க ஆரம்பித்திருந்தேன். அது தெரிந்ததிலிருந்து ஜெனிஷா என்னை விடவில்லை.

"அப்பா, இங்க லுவார்ன்னு ஒரு ஆறு உண்டு. அதுக்க கரையோடயே கடல் வரைக்கும் சைக்கிள் பாதை போட்டிருக்கானுவ. நீங்க வாங்க, நாம ரெண்டு பேருமா போவோம்."

போன வருடம் மே மாதம் போனேன். அவள் பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் நான் சவூதியில் இருந்தேன். அவளோடு சேர்ந்தாற்போல் இத்தனை நாள் இருந்தது அதுதான் முதல் தடவை. பகலில் ஆற்றோரமாக மிதிப்போம். சாயங்காலம் ஏதாவது ஒரு கிராமத்து முகாம் மைதானத்தில் கூடாரம் அடித்து, அவள் வாங்கி வரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுப்போம். பேச்சு எல்லாம் அவள்தான். கடையில், ஹோட்டலில், வழி கேட்க, எல்லாவற்றுக்கும் அவள் பிரெஞ்சில் பேசுவாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அவள் இருக்கிறாளே என்ற தைரியத்தில் என் போனுக்கு அந்த நாட்டு இணைப்பு எதுவும் எடுக்கவில்லை. வைஃபை கிடைத்தால் பேசும், இல்லாவிட்டால் வெறும் கட்டைதான்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. இரண்டு பேரும் நனைந்தோம். அவளுடைய போன் தண்ணீர் புகுந்து செத்துப்போனது. "நாளைக்கு அடுத்த டவுண்ல போய் பாக்கலாம்" என்றாள். சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் தொட்டது. மழையில் நனைந்ததுதான் என்று மாத்திரை போட்டுப் படுத்தாள்.

காலையில் நான் கூடாரத்தின் வாசலைத் திறந்தபோது அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அடைங்கப்பா. வெளிச்சம் கண்ணுல குத்துகு. தலை வெடிக்கிய மாதிரி இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். அடுப்பு போல் கொதித்தது. தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்கினால் கழுத்து வளையவில்லை. குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு மாறிவிட்டது. என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதேதோ சொன்னாள். "மக்ளே, அப்பாட்ட தமிழ்ல சொல்லு மக்ளே" என்று கெஞ்சினேன். அவளுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. போர்வையை விலக்கியபோது காலில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகள் இருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன். மறையவில்லை. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று மட்டும் புரிந்தது.

அந்த மைதானத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. முந்தின நாள் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்கள் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள். அலுவலகம் பூட்டியிருந்தது. என் போனை எடுத்து 108 போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாட்டில் ஆபத்துக்கு எந்த எண் என்று நான் மகளிடம் கேட்டு வைத்திருக்கவில்லை.

அவளைத் தூக்கிச் சைக்கிளில் வைக்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கூடாரத்துக்கும் சைக்கிளுக்கும் இடையில் நான் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. கடைசியில் அவள் நெற்றியில் கை வைத்து, "இயேசுவே, நான் திரும்பி வருவது வரை நீர் இவள் பக்கத்தில் இரும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பெற்ற பிள்ளையை அந்த நிலையில் விட்டுவிட்டு மிதித்த அந்தப் பாதை என் வாழ்க்கையிலேயே நீளமான பாதை.

கிராமம் செத்த ஊர் போலக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை. எல்லா வீட்டிலும் மரச் சன்னல்கள் அடைத்திருந்தன. கதவு கதவாகத் தட்டினேன். நாய் குரைத்ததே தவிர ஒருவரும் வரவில்லை. ரொட்டிக் கடை பூட்டு. கோயிலுக்கு ஓடினேன். ஞாயிறு ஆராதனைக்கு யாராவது இருப்பார்கள் அல்லவா! அதுவும் பூட்டு. அந்தப் பக்கத்தில் பல கிராமங்களுக்கும் சேர்த்து ஒரே குருவானவர், முறை வைத்துத்தான் வருவார் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பூட்டு மட்டும்தான். அந்தக் கதவைப் பிடித்து உலுக்கினேன். "ஆண்டவரே, உம்முடைய வீட்டையுமா பூட்டிக்கொண்டீர்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

அப்போது ஒரு வேன் வந்தது.

நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை இறக்கினார். "டாக்டர்! ஆஸ்பத்திரி! ஹாஸ்பிடல்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் வராது. ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். மரியாதையாகக் கையை நீட்டி, நேராகப் போ, பிறகு இடது பக்கம் திரும்பு என்று காட்டினார். என் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். காட்டி முடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்தேன். "யா ரப்!" என்று அலறினேன்.

அரபியில் ஆண்டவரே என்று அர்த்தம். பாலைவனத்தில் லாரி மணலில் புதையும்போதும், விபத்தைப் பார்க்கும்போதும் அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் பழகிவிட்டோம். ஊர் திரும்பிய பிறகு அந்தப் பாஷை என் வாயில் வந்ததே இல்லை. அன்றைக்கு அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

வேன் நின்றது. அவர் இறங்கி ஓடி வந்தார்.

"அரபி பேசுவீர்களா?" என்று அரபியில் கேட்டார்.

"என் மகள்... என் மகளுக்குச் சுகமில்லை... சாகப் போகிறாள்" என்று நான் அரபியில் சொன்னேன். அவர் மொரோக்கோ நாட்டுக்காரர். என் அரபி லாரிக்காரனுடைய சவூதி அரபி. இருவர் பேச்சுக்கும் நிறைய வித்தியாசம். ஆனால் மகள், காய்ச்சல், சாவு என்ற வார்த்தைகளுக்கு வித்தியாசம் இல்லை. அவர் பெயர் ஹமீது. பக்கத்தில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அன்றைக்குப் பெரிய சாலையில் ஏதோ சைக்கிள் போட்டி நடந்ததால் வழக்கமில்லாத அந்த வழியாக வந்திருக்கிறார்.

"யல்லா, சீக்கிரம் ஏறுங்கள்" என்றார். ஓட்டிக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் என்னிடம் அரபியில் கேட்டார். கழுத்து வளைகிறதா? ஆளைத் தெரிகிறதா? புள்ளி இருக்கிறதா? புள்ளி என்பதற்கு எனக்கு அரபி தெரியவில்லை. என் காலில் விரலால் குத்திக் குத்திக் காட்டினேன். அவர் அதைச் சொன்னதும் மறுபக்கத்தில் குரல் மாறியது எனக்கே கேட்டது.

மைதானத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. ஒரு பெண் டாக்டர் குனிந்து ஓடி வந்தார். ஜெனிஷாவுக்கு அப்போது நினைவே இல்லை. டாக்டர் காலைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை காத்திருக்க முடியாது, இங்கேயே மருந்து போட வேண்டும் என்று சொன்னதாக ஹமீது சொன்னார். மருந்துக் குப்பியை எடுப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஜெனிஷாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டு, மூச்சு அடைத்து, முகமெல்லாம் வீங்கிப் பிழைத்ததே பெரிய பாடு. சாந்தி எனக்குப் போனில் அழுதுகொண்டே சொன்ன செய்தி அது.

"பென்சிலின் மம்னூ! மம்னூ!" என்று கத்தினேன். மம்னூ என்றால் கூடாது என்று அர்த்தம். ஹமீது அதைப் பிரெஞ்சில் சொன்னார். டாக்டர் கையில் எடுத்ததைக் கீழே வைத்தார். போனில் யாரிடமோ பேசினார். வேறொன்றை எடுத்துப் போட்டார்.

ஹெலிகாப்டரில் எனக்கு இடம் இல்லை. மகள் மேலே போவதைக் கீழே நின்று பார்த்தேன். ஹமீதுதான் தன் வேனில் என்னை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளைக் காய்ச்சல், இரத்தத்திலும் கிருமி பரவிவிட்டது என்றார்கள். மூச்சு விடக் குழாய் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வைஃபை இருந்தது. சாந்தியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது இருட்டியிருந்தது.

"என்ன, சத்தம் ஒரு மாதிரி இருக்கு? பிள்ளை எங்க?"

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"கேட்டியளா, எதையும் மறைக்காம சொல்லுங்க. எனக்க பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல். எனக்க கைய விட்டுப் போயிட்டுது சாந்தி. என்னால ஒண்ணும் செய்ய முடியல."

சாந்திக்குப் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. வர நினைத்தாலும் வர முடியாது. அழுதாள். பிறகு சொன்னாள்: "நீங்க அங்க ஒத்தைக்குக் கிடந்து அழாதீங்க. நான் வேற என்ன செய்யட்டு? சபையில உள்ளவங்கள கூட்டி ஜெபிக்கேன். நீங்க அவளுக்க கைய மட்டும் விட்டுராதீங்க."

அந்தக் கையைக்கூட உறை போட்டுத்தான் தொட விட்டார்கள். நாட்கள் போயின. டாக்டர்கள் நம்பிக்கையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிழைத்தாலும் பழையபடி இருப்பாளா என்று தெரியாது என்றார்கள். ஹமீது வேலை முடிந்து தினமும் வருவார். வீட்டில் சமைத்த சாப்பாடு கொண்டு வருவார். டாக்டர் சொல்வதை எனக்குச் சொல்லிவிட்டு, வராந்தா மூலையில் தன் தொழுகையைச் செய்வார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஜெபிக்கத் தெரிந்தவன் நான், சபையில் எழும்பி நின்று நீளமாக ஜெபிக்கிறவன். அங்கே எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. "ஆண்டவரே" என்று தொடங்குவேன், அதோடு நின்றுவிடும். புதுக்கடையில் என் வீட்டில் ஆட்கள் முறை வைத்து முழங்காலில் நின்றார்கள். எனக்குப் பதிலாக அவர்கள் பேசினார்கள். ஹமீதும் தன் பிள்ளைகளோடு அவளுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒருநாள் காலையில் நர்ஸ் ஒருவர் வேகமாக வந்து என் தோளைத் தட்டினார். ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஹமீது தோட்டத்தில் இருந்தார். நர்ஸின் கண் கலங்கியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் பின்னால் போனேன். கதவருகே நின்றுவிட்டேன். அவர்தான் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்.

ஜெனிஷா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். வாயில் குழாய் இல்லை. என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அப்பா... எனக்க சைக்கிள பூட்டுனியளா?"

தமிழ்! என் பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிட்டுத் தமிழில் பேசினாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அந்த நர்ஸைக் கட்டிப்பிடித்தேன், அது ஞாபகம் இருக்கிறது. சாந்திக்குப் போன் போட்டு ஜெனிஷாவின் காதில் வைத்தேன். "கேக்கல்லியேப்பா" என்றாள். மறு காதில் வைத்தேன். கேட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது. இனியும் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அதையும் திருப்பித் தந்திருக்கலாமே ஆண்டவரே என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் என் நன்றி குறையவில்லை. மருந்து இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளையே இருந்திருக்கமாட்டாள் என்று அந்தப் பெண் டாக்டர் பிறகு வந்து சொன்னார்.

ஜெனிஷா படிப்பைத் தொடர்கிறாள். கிறிஸ்துமசுக்கு வந்தபோது எங்கள் சபையில் எழும்பி நின்று, தனக்காக முழங்காலில் நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். ஹமீதும் நானும் வாரந்தோறும் பேசிக்கொள்கிறோம். எங்கள் குடும்ப ஜெபத்தில் அவர் பெயரும் அவர் பிள்ளைகள் பெயரும் சொல்லாத நாள் இல்லை. இப்போது நம்முடைய பக்கத்து ஆஸ்பத்திரிகளில், வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள் பாஷை தெரியாமல் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. வளைகுடாவில் கற்ற இந்தியை வைத்து அவர்களுக்காகப் பேசுகிறேன். நர்ஸ்மாரே என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

பிரியமானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், செய்ய ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லையே என்று கலங்க வேண்டாம். எனக்கும் வரவில்லை. அவரை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எனக்காகவும் ஜெபியுங்கள் என்று கேளுங்கள். உதவி யார் உருவத்தில் வந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள். என் பிள்ளைக்கு இரங்கினவர் உங்கள் பிள்ளைக்கும் இரங்குவார்.